கூலக்கா வீட்டுக்கு ஒரு ஹீட் பம்ப்

கடைத்தெருவில் அவளை எல்லாரும் கூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏசி மெக்கானிக் என்பதால், 'கூல்' அக்கா கூலக்கா ஆகிவிட்டாள். ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் நடந்து போனால், "கூலக்கா, எங்க வீட்டு மெஷின் தண்ணி ஒழுகுது, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று எந்த வாசலிலிருந்தாவது குரல் வந்துவிடும். அவள் வெளிநாடு போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. போன இடம், வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஊர். அங்கே வீடுகளைச் சூடாக வைக்க ஹீட் பம்ப் மாட்டுகிறாள், பழுதானால் சரிசெய்கிறாள்.

அவள் புருஷன் அதே கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். வேலைக்கான அழைப்பு வந்தபோது, "போயிட்டு வா. உன் கைக்கு இதைவிடப் பெரிய வேலை இங்க என்ன கிடைக்கப் போகுது?" என்று சொன்னவன் அவன்தான். வாய் அப்படிச் சொன்னது. மனசு என்ன சொன்னது என்று அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது மேல்மாடி வீட்டில் அவனும் மாமனாரும் மட்டும். மாமனார் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மகளை நினைத்து அவரும், மனைவியை நினைத்து அவனும் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவளைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. பால் வாங்கப் போவது யார், மோட்டாரை நிறுத்த மறந்தது யார் என்று சண்டை போடுவதோடு சரி.

அந்த வருஷம் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. கடையில் ஆள் வராத மதிய நேரத்தில்தான் அவள் கூப்பிடுவாள். அவளுக்கு அது காலை; வேலைக்குப் போகிற வேனில் உட்கார்ந்தபடி பேசுவாள். அன்று அவன் உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்தான்.

"அது என்னங்க சத்தம், கடகடன்னு?"

"ஃபேன்தான்."

"இன்னுமா அந்த ஃபேனு! ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுனவ வீட்ல ஃபேன் ஓடுதுன்னு வெளிய தெரிஞ்சா என் மானம் போயிடும். ஒரு ஹீட் பம்ப் போட்டுடலாங்க."

பக்கத்தில் துண்டால் விசிறிக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் கண்ணு, நாங்க வெந்தது போதாதா? பதமா வெந்துட்டமான்னு பாக்க ஹீட் பம்ப்பா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஸ்பீக்கரில் வந்ததும் இரண்டு ஆண்களும் போன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஏசியே ஒரு வகை ஹீட் பம்ப்தாம்பா. உள்ள இருக்குற சூட்டை எடுத்து வெளிய தள்ளும். நான் சொல்றது அதையே திருப்பியும் செய்யும். குளிர் மாசத்துல வெளிய இருக்குற சூட்டை உள்ள இழுக்கும். விடியக்காலைல உங்க முட்டி மடங்க மாட்டேங்குதுல்ல, அதுக்கும் ஆகும்."

"குளிர்ல ஏது கண்ணு சூடு?"

"இருக்குப்பா. இங்க பனி கொட்டுற காத்துலயே இருக்கு. அதைத்தான் நான் தினமும் பிடிச்சு வீட்டுக்குள்ள விடுறேன்."

அதுவரை அவர்களுடைய பேச்சு, சாப்பிட்டியா, சாப்பிட்டேன், தூங்கினியா, தூங்கினேன் என்று சுருங்கிப் போயிருந்தது. ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பேச ஆயிரம் இருக்கும். ஊர் தாண்டிப் போனவர்களுக்கு நலம் விசாரித்த பிறகு என்ன பேசுவது என்று தெரியாது. ஹீட் பம்ப் வந்த பிறகு பேச்சு நீண்டது.

"படுக்கையறை நீளம் எவ்வளவு? கூரை உயரம்? ஜன்னல் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"நீ இருந்த அறைதானே!"

"இருந்தேன், அளக்கலையே. அளந்து சொல்லுங்க."

கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிற கை அவனுடையது. ஒரு அறையை அளப்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் அவன் ஒரேயடியாக அளக்கவில்லை. இன்றைக்கு ஜன்னல், நாளைக்குக் கதவு, அதற்கு மறுநாள் சுவரின் கனம் என்று தவணை போட்டான். மேற்குச் சுவரில் வெயில் எப்போது ஏறுகிறது என்று அவள் கேட்டதற்காக, கடையைப் பூட்டிவிட்டு வந்து அறையில் உட்கார்ந்து பார்த்தான். வெயில் முதலில் தரையில் விழுந்து, கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தைத் தொட்டு, பிறகு அவளுடைய பீரோவில் ஏறியது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தும் அவன் அதைக் கவனித்ததில்லை. அவளிடம் பீரோவைச் சொன்னான். கட்டிலைச் சொல்லவில்லை.

கடைகளிலும் ஏறி இறங்கினான். ஒரு விற்பனையாளர், "பெருசா போடுங்க சார், போட்ட நிமிஷம் ஜில்லுனு இருக்கும்" என்றார். அதை அவளிடம் சொன்னபோது திட்டு விழுந்தது.

"சட்டை பெருசா வாங்குற மாதிரியா இது? அளவுக்கு மீறிப் பெருசா போட்டா சட்டுனு குளிர்ந்து சட்டுனு நின்னுடும். காத்துல இருக்குற ஈரம் போகாது. ஈரத்துணியைப் போத்திட்டுப் படுத்த மாதிரி பிசுபிசுன்னு இருக்கும். அப்புறம், டப்பால ஒட்டியிருக்குற கணக்கு மிதமான வெயிலுக்கு. நம்ம ஊர் உச்சி வெயில்ல அந்த மெஷினுக்கே மூச்சு வாங்கும். அப்ப எவ்வளவு குளிர் தரும்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியாதவங்க கடையில வாங்காதீங்க."

அவன் கேட்டான். பல கடைகளில் பதில் இல்லை. அவனுக்கு அது வருத்தமாகவே இல்லை. இன்னும் தேடலாம், இன்னும் பேசலாம்.

பிறகு ஒருநாள் அவள் கேட்டாள். "அந்த அறையில எத்தனை பேர் படுப்பீங்க? அதையும் கணக்குல சேக்கணும்."

"மாமாவையும் உள்ள படுக்க வெச்சுக்கறேன். ரெண்டு பேர். உன்னையும் சேத்தா மூணு."

அந்தப் பக்கம் வேனின் இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"ரெண்டுன்னே போட்டுக்கறேன்," என்றாள். "இன்னொரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

"சரி."

"கோவமா?"

"இல்ல. மெஷின் சைஸ் மாறுமா அதனால?"

"மாறாதுங்க. ஒரு ஆள் கூடினாலும் குறைஞ்சாலும் மெஷினுக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு மனுஷ உடம்போட சூடு ஒரு குண்டு பல்பு அளவுதான்."

அவள் தொழில் கணக்கைச் சொன்னாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு அவன் ஜன்னலையும் அளக்கவில்லை, கடைக்கும் போகவில்லை. அவள் கேட்டால், "பாக்கலாம், வேலை இருக்கு" என்றான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்று பேச்சு பழையபடி சுருங்கியது. மாமனார் மாத்திரம் ஒருமுறை, "என்ன மாப்ள, அளவெடுப்பு நின்னு போச்சு?" என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் துண்டை எடுத்து விசிறத் தொடங்கினார்.

வெயில் யாருடைய வருத்தத்துக்கும் காத்திருக்கவில்லை. கூரை பகலெல்லாம் காய்ந்து அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. "பாலைவனத்துல கதவைத் திறந்துவிட்டு லாரி ஓட்டுனவன் நான். இதெல்லாம் ஒரு வெயிலா!" என்று மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மதியம் அவன் சாப்பிட வந்தபோது அவர் குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தார். உடம்பு நெருப்பாகச் சுட்டது. கூப்பிட்டதற்கு அவர் மகளின் பெயரைச் சொல்லி, லாரியில் ஏறு, நேரமாச்சு என்று உளறினார். அவன் ஈரத்துணியால் அவரைச் சுற்றி, இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு படி இறங்கினான்.

ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். "கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா குளிர்ச்சியான இடத்துல வெச்சுக்கோங்க" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி போனில் அவளுக்குச் சொன்னான். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தான்.

"என்னாலதாங்க," என்றாள். "எந்த மெஷின் போடணும்னு எனக்கு முதல் நாளே தெரியும். அந்த அறை என் கண்ணுக்குள்ளயே இருக்கு, அளவு எதுக்கு? அளந்து சொல்லுங்கன்னா நீங்க தினமும் பேசுவீங்கன்னு..."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"நான் மட்டும் என்னவாம்? மொத்த வீட்டையும் ஒரு மணி நேரத்துல அளந்திருப்பேன். ஒரு ஜன்னலை நாலு தடவை அளந்தேன்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் செருப்பால அடிப்பாரு."

அழுகையோடு அழுகையாக இருவருக்கும் சிரிப்பு வந்தது. அப்போதே மாடலின் பெயரைச் சொன்னாள். அவன் வெளியே வந்த வேகத்தில் ஆட்டோ பிடித்துப் போய் வாங்கிவிட்டான்.

மாட்ட வந்த மெக்கானிக், வெளியே வைக்கிற பெட்டியை மேற்குச் சுவரில் பொருத்தத் துளை போடத் தயாரானார். அவன் வீடியோவில் அவளைக் கூப்பிட்டு, போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"அண்ணே, அங்க வேணாம்," என்றாள் அவள். "சாயங்கால வெயில் பூரா அந்தச் சுவர்லதான். பின்பக்கம் போங்க. சுவரை ஒட்டி வெக்காதீங்க, பின்னால காத்து போக இடம் விடுங்க."

"யாரும்மா நீங்க?" என்றவர் உற்றுப் பார்த்தார். "அட, கூலக்கா! நீங்க போனதுல இருந்து இந்த ஏரியா வேலையெல்லாம் என் தலையிலதான்."

பின்பக்கத்தைக் காட்ட அவன் போனோடு சமையலறை வழியாகப் போனான். "மெதுவா போங்க," என்றாள் அவள். "அந்த அலமாரியைக் காட்டுங்க. டம்ளரெல்லாம் யாரு கவுத்து வெச்சது? அப்பாவா? கொடியில அது என் துண்டுதானே?" துளை போடும் சத்தம் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டிருக்க, அவன் வீடு முழுக்க அவளைச் சுற்றிக் காட்டினான். படுக்கையறையில் கட்டிலுக்கு நேராக அவன் போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

மாமனார் வீடு திரும்பி இரண்டு நாள் கழித்து, மதியம், மூடிய அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தித் தூங்கினார். அவன் கட்டிலின் தன் பக்கத்தில் படுத்தபடி தாழ்ந்த குரலில் பேசினான்.

"மெஷின்கிட்ட போனைக் காட்டுங்க. சத்தம் எப்படி இருக்குன்னு கேக்கறேன்."

காட்டினான்.

"நல்லா இருக்கு. அது என்ன, கர்ர்ருன்னு?"

"அது மெஷின் இல்ல. உங்கப்பா."

அவள் வேன் இன்ஜினை அணைத்தாள். "போனை எடுக்காதீங்க. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

அப்பாவின் குறட்டையை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூச்சை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அப்போது தானாக வெளியே வந்துவிட்டது.

"வந்துடும்மா."

"இந்த வார்த்தை உங்க வாயில இருந்து வரவே வராதோன்னு நெனச்சேன். நான் இல்லாம பழகிட்டீங்களோன்னு. போட்ட கையெழுத்துக்கு இருந்து முடிச்சிட்டு வந்துடறேங்க. இன்னொரு தடவை நீட்டினா போடமாட்டேன்."

"உனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கே."

"பிடிச்சிருக்கு. இங்க இருந்தா வீட்டு ஞாபகம், அங்க வந்தா இந்த வேலை ஞாபகம். ஏதோ ஒண்ணுக்கு ஏங்கித்தான் ஆகணும்னா, இந்த வேலைக்கே ஏங்கிக்கறேன்."

ஒரு முழு வருஷம் பாக்கி இருந்தது.

"வேலைக்கு நேரமாச்சு," என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. வேன் கதவு சாத்தும் சத்தம் வந்தது. பிறகு பனியில் அவள் கால்கள் நறுக் நறுக்கென்று பதிய நடப்பது கேட்டது. ஒரு வீட்டின் அழைப்பு மணி ஒலித்தது. கதவு திறந்து, வயதான ஒரு பெண்குரல் புரியாத மொழியில் அவளைப் பிரியமாக உள்ளே அழைத்தது. அவளும் அதே மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

தொடர்பு தானாக அறுபடும்வரை அவன் கேட்டுக்கொண்டே படுத்திருந்தான்.