பதினோரு நாள் ஒரே பக்கம்

வெளிநாட்டில் நான் ஓதப் போன முதல் ஊரில் ஓர் அறைக்கு ஆறு பேர். விடிகாலை சுபுஹு தொழுததும், ஓதிக் கொடுக்கும் உஸ்தாத் முன்னால் உட்கார்ந்து குர்ஆனில் ஒரு பக்கம் ஒப்பிக்க வேண்டும். ஒரு தப்பு வந்தாலும் மறுநாள் அதே பக்கம்தான். எட்டாவது மாதம் அங்கிருந்து வேறு ஊருக்கு மாறிவிட்டேன். அங்கே லிப்ட் உண்டு, உதவித்தொகை உண்டு. இருநூறு பேர் வகுப்பில் கையெழுத்துப் போட்டால் போதும்.

வீட்டில் தகப்பனாரிடம், “முதல் ஊர்ல படிப்பு சரியில்லத்தா” என்று சொல்லிவைத்தேன்.

லீவுக்கு வந்தபோது தங்கச்சிக்கு அதே முதல் ஊரில் இடம் கிடைத்திருந்தது. உஸ்தாதின் மனைவி நடத்தும் பெண்கள் பிரிவு. அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அத்தா சிமெண்டுக் கிடங்கிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கிய தோளில் தோல் உரிந்திருந்தது.

“வேணாம்னு எழுதிடும்மா. அண்ணன்தான் பட்டுட்டு வந்து சொல்றானே.”

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். “அப்படி என்ன பட்ட? அங்க என்னண்ணே சரியில்ல? சாப்பாடா, ரூமா?”

“எல்லாம்தான்.”

“லிப்டப் பத்தி அரை மணி நேரம் பேசுற. ஓதுனதப் பத்திக் கேட்டா வாயில கொழுக்கட்டையா?”

அத்தா சிரித்தார். “விடும்மா. படிச்ச புள்ள, அதுக்குத் தெரியாதா?”

அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டு என்னால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

“படிப்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பதினோரு நாள் ஒரே பக்கத்துல நின்னேன். ரூம்ல மத்த அஞ்சு பேரும் தாண்டிப் போயிட்டாங்க. மூஞ்சி காட்ட முடியல, ஓடிட்டேன். இப்ப இருக்கற ஊர்ல யாரும் ஒப்பிக்கச் சொல்றதில்ல. அந்தப் பக்கம் எனக்கு இன்னும் வராது.”

தங்கச்சி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், வருவதாகப் பதில் அனுப்ப.

அத்தா துண்டைப் பிழிந்துகொண்டே நின்றார். சொட்டுத் தண்ணீர் வராத பிறகும் பிழிந்தார்.

“உன் பேச்ச நம்பி அந்த உஸ்தாத் ஓதிக் குடுக்கறது சரியில்லன்னு பள்ளிவாசல்ல சொல்லிட்டேனேடா. கொத்தனாரு மகன அங்க அனுப்ப இருந்தாரு. நிறுத்திட்டாரு.”

அத்தா துண்டைக் கொடியில் போட்டார்.

“சட்டையப் போடு.”

“நீங்க சொன்னாப் போதாதாத்தா?”

“நான் கொண்டு போயி எறக்குன மூட்டைதான். சரக்கு உன்னுது. வா.”

கொத்தனார் வீட்டு வாசலில் அத்தா நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன். சோற்றில் கை வைத்திருந்த கொத்தனார் என்னைக் கண்டதும் அவசரமாக எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டு, இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்க உஸ்தாத், உக்காருங்க” என்றார்.