இருபத்துநாலு பேருக்கு ஒரு சிஸ்டர்

தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டெல்லிக்கு வந்த தமிழ்செல்வி, ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் ஆறு வருஷமாக நர்ஸ். கணவர் ஸ்ரீதருக்கு மத்திய அரசு வேலை, கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். அவளோடு வேலைக்குச் சேர்ந்த ஐந்து பேரில் நாலு பேர் விட்டுப் போய்விட்டார்கள். அந்த இடங்களுக்கு யாரும் வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கூட இருந்த ஒரே நர்ஸையும் ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள். இருபத்துநாலு நோயாளிகள், இவள் ஒருத்தி. பதினோரு மணிக்கு மூன்றாம் கட்டில் பெண்ணுக்கு மூச்சு திணறியது. ஆக்ஸிஜன் வைத்து, டாக்டர் வரும்வரை அவளைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பத்தொன்பதாம் கட்டிலின் மணி அடித்தது. மல்ஹோத்ரா என்ற பெரியவர். இரண்டு நிமிஷத்தில் வருவதாக அங்கிருந்தே குரல் கொடுத்தாள். கால் மணி நேரமாகியும் போக முடியவில்லை. அவர் தானாக இறங்கி பாத்ரூமுக்கு நடந்து, வழியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

சாயந்திரம் அவர் மகள் வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, நீங்கள் தனியாகவா இருந்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். தமிழ்செல்வி தலையாட்டினாள். அவர் அப்பாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் நிர்வாகத்தில் விளக்கம் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி, நோயாளிகளின் எண்ணிக்கையோடு எழுதிக்கொடுத்தாள். மதியம் வார்டு பொறுப்பாளர் சாவித்திரி அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். தஞ்சாவூர்க்காரர், பத்தொன்பது வருஷம் இங்கேயே இருப்பவர், தமிழ்செல்விக்கு அக்கா மாதிரி.

"எண்ணிக்கை வேண்டாமாம். கட்டிலோட பக்கக் கம்பிய ஏத்திவிட மறந்துட்டேன்னு எழுதச் சொல்றாங்க."

"நான் மறக்கலியேக்கா."

"தெரியும். நானும் ரெண்டு தடவை இப்படி எழுதிக் குடுத்திருக்கேன். அப்படித்தான் இங்க இருக்கேன்."

சாவித்திரியால் எப்படி இத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க முடிந்தது என்று தமிழ்செல்வி பலமுறை வியந்திருக்கிறாள். அன்றைக்குப் புரிந்தது. அவள் மாற்றி எழுதவில்லை, ராஜினாமா எழுதினாள்.

நோட்டீஸ் மாதத்தை வேறு வார்டில் கழித்தாள். பெரியவருக்கு ஆபரேஷன் முடிந்ததென்று கேள்விப்பட்டும் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கடைசி நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனாள். போன வாரமே வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்களாம், ஸ்ட்ரெச்சரில்.

இப்போது மோதி பாக் பக்கம் ஒரு பள்ளியின் முதலுதவி அறையில் இருக்கிறாள். முழங்கால் சிராய்ப்பு, வயிற்றுவலி, நாளைக்கு நாலைந்து பிள்ளைகள். மூணு மணிக்கு வீடு. முகம் தெளிந்திருக்கிறது என்கிறார் ஸ்ரீதர். மூன்றாம் கட்டில் பெண் பிறகு என்ன ஆனாள் என்று கேட்காமலே வந்துவிட்டது அவளுக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

போன ஞாயிறு சாவித்திரி போன் செய்தார். தமிழ்செல்வி இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, அந்த வேலையையும் தானே பார்ப்பதாகச் சொன்னார். கால் வீங்கிக் கிடக்கிறதாம். பிறகு தயங்கித் தயங்கி, "உங்க ஸ்கூல்ல இன்னொரு ஆள் தேவைப்படுமா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை தமிழ்செல்வி விசாரித்தாள். ஒரு நர்ஸே அதிகம் என்றார்கள். அதை இன்னும் அவள் சாவித்திரியிடம் சொல்லவில்லை.