ஊதிக் காட்டு

தளர்ந்திருந்த தாடைத் துணியை மறுபடி கட்டக் குனிந்தவன், பழக்கதோஷத்தில் அம்மாவின் வாயை மோந்து பார்த்துவிட்டான். பற்பசை வாசனை வந்தது.

சட்டென்று நிமிர்ந்தான். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. பெற்றவள் செத்துக் கிடக்கும்போது வாயை மோந்து பார்க்கிறவன் உலகத்திலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். முடிச்சை இறுக்கிவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். காலை ஆறு மணிக்குத் தேய்த்த பல்லில் சாயங்காலம் நாலு மணிக்கும் என்ன வாசனை?

ஊரார் வாயை மோப்பம் பிடிப்பதுதான் அவனுக்கு வேலை. பேருந்து டிப்போவில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு டிரைவரும் அவன் மேஜைக்கு வந்து ஊதிக் காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு மிஷின் இருந்தது. மாதத்தில் பாதி நாள் அது படுத்துவிடும். அவன் மூக்கு ஒரு நாளும் படுத்ததில்லை. சொத்தைப்பல், முந்தின ராத்திரிச் சாராயம், அதை மறைக்க மென்ற ஏலக்காய், வெறும் வயிற்றுப் புளிப்பு என்று இருபது வருஷமாக உள்ளே இழுத்து இழுத்து, யாராவது வாயைத் திறந்து எதையாவது தின்றாலே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. சொந்தக்காரர்கள்கூட அவனைச் செக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

கூடத்தில் மாமா பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். கூடப் பிறந்தவள் இரண்டு அடி தள்ளிக் கிடக்கிறாள், இவருக்கு நாலாவது பிஸ்கட். அவனுடைய எட்டு வயது மகள் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முறைத்ததும் நகர்ந்து போனாள்.

"என்ன செக்கரு, அக்கா நேத்துகூட போன்ல நல்லாத்தானே பேசினா?"

"காலைல நடக்கப் போய்ட்டு வந்தாங்க மாமா. வந்ததும் படுத்தாங்க. நெஞ்சு அடைக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா, ஒரு அரைமணி முன்னாடி வந்திருக்கக் கூடாதாங்கறாரு டாக்டர்."

"சுகரு வேற இருந்துச்சே."

"ரெண்டு வருஷமா ஒரு துளி இனிப்பு உள்ள போகல. நான் விட்டாத்தானே! எங்க போய்ட்டு வந்தாலும் வாசல்லயே நிறுத்தி ஊதச் சொல்லிடுவேன். இன்னிக்கும் ஊதினாங்க. சுத்தம்."

"நீ இருக்கப் போய்த்தான்டா அவ இத்தனை நாள் இருந்தா."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மத்தியானத்திலிருந்து அவன் வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பக்கம் ஒரு குறையும் இல்லை என்று வேறு வாயால் கேட்க வேண்டும். கேட்டாயிற்று. ஆனால் சொல்லி முடிப்பதற்குள் மாமாவின் பிஸ்கட் ஊறி டீக்குள் விழுந்துவிட்டது. அவர் இரண்டு விரலை விட்டு அந்தக் கூழை வழித்து நக்கினார். சகிக்காமல் அவன் வாசலுக்குப் போனான்.

அந்த வாசலில் வைத்துத்தான் முதல்முதலாக அம்மாவைப் பிடித்தான். வெண்ணெயும் வெனிலாவும் கலந்த வாசனை. "இந்த வயசுல நாக்கு கேக்குதா உனக்கு?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். முப்பது வருஷம் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்து அவனை ஆளாக்கியவள், குடித்துவிட்டு மாட்டிக்கொண்ட டிரைவர் மாதிரி கைப்பையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். அன்றிலிருந்து ஆரம்பித்தது இந்த ஊதல்.

கேட்டருகே ஒரு பெண் தயங்கி நின்றாள். முழங்கை வரை மாவு. கையில் காகிதப் பொட்டலம். அவள்மேல் அதே வெனிலா வாசனை அடித்தது. அவன் மூக்கைச் சுளித்தான்.

"இது ஜன்னலம்மா வீடுதானே?"

"யாரு?"

"காலர் தைச்சவங்க. எங்க பேக்கரியில ஜன்னலோரமாத்தான் உக்காருவாங்க, அதனால அப்படிக் கூப்பிடுவோம். மருந்துக்கடைக்காரர் இப்பத்தான் சொன்னாரு. கடையைப் பாதியில போட்டுட்டு வரேன். நீங்க அவங்களுக்கு…?"

"பக்கத்து வீடு."

பொய் தானாக வந்து விழுந்தது.

"புதன்கிழமை ஆனா வந்துருவாங்க. வர்ற வழியில தலைக்கு ஒரு கிளிப்பு வாங்குவாங்க. செருப்பைக் கழட்டிட்டு, எதிர் நாற்காலியில பையை வச்சுட்டு, ஒரு காப்பி, ஒரு க்ரீம் பன். சுகருன்னு தெரியும், அதனால நானே பாதி பன்தான் வெப்பேன். அந்தப் பாதியை ஒரு மணி நேரம் சாப்பிடுவாங்க, ஓரமெல்லாம் முதல்ல, க்ரீம் கடைசியில. பாக்கவே அவ்ளோ நல்லா இருக்கும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "முடிச்சதும் பல் தேய்ப்பாங்க. பிரஷ்ஷு, பேஸ்ட்டு எல்லாம் எங்க கடையிலேயே இருக்கு. மகன் மோந்து பாப்பானாம். அப்படியும் ஒருத்தன் இருப்பானாங்க?"

அவன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்குக் காப்பி பாதியிலயே வேர்த்துக் கொட்டிருச்சு. ஆட்டோ கூப்பிடறேன், மகனுக்குப் போன் போடறேன்னு கெஞ்சறேன். வேணாம், முதல்ல பல்லு தேய்க்கணும்னாங்க. நிக்க முடியல, நான்தான் தோளைப் புடிச்சுக்கிட்டேன். அப்புறம் வாசனை போகட்டும்னு வாயைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அரைமணி நேரம். நான் அவங்க பேச்சைக் கேட்டிருக்கவே கூடாது."

காலையில் அம்மா ஊதியபோது காற்றே வரவில்லை. நெற்றியெல்லாம் ஈரமாக இருந்தது. வெயில் என்று நினைத்தான். "இன்னும் கொஞ்சம் பலமா," என்றான். அவள் படியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் ஊதினாள்.

உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, உங்க அம்மாவோட கண்ணாடிய எங்க வச்சீங்க?"

பேக்கரிக்காரி உள்ளே பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள், குறிப்பாக அவன் மூக்கை.

"பக்கத்து வீடா?" என்றாள். "சீ!"

பொட்டலத்தை அவன் கையில் வைத்து அழுத்திவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

காகிதத்துக்குள் ஒரு கண்ணாடி டம்ளர், தேய்ந்த பிரஷ், வாலிலிருந்து ஒழுங்காகச் சுருட்டிக்கொண்டே வந்த பேஸ்ட். டம்ளரின் அடியில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. இரண்டு வருஷத்துப் படிவு. மாமாவின் விரலைப் பார்த்து வராத வாந்தி இப்போது தொண்டை வரை வந்தது. பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்கு ஓடினான்.

அங்கே மகள் இருந்தாள். உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து அவசர அவசரமாகக் கொப்பளித்துக் கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் குழாயை மூடினாள். கவுனில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது.

அவளாகவே நேரே வந்து நின்று, குதிகாலை உயர்த்தி, கண்களை மூடிக்கொண்டு, தண்ணீர் சொட்டும் வாயைக் குவித்து அவன் முகத்தில் ஊதினாள்.