கை தூக்காத ஊரின் காப்பீடு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஸ்கோக்லண்ட் நகராட்சியில் எட்டு வருடங்களாக ஒரு தொழிலாளிக்குக்கூட அடிபட்டதில்லை. காகிதத்தில்தான். பனி வாரும் வண்டி கவிழ்ந்திருக்கிறது, தீயணைப்பு ஏணி முறிந்திருக்கிறது, குடிநீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து ஓர் ஆள் படியைத் தொடாமலே கீழே வந்து சேர்ந்திருக்கிறார். ஆனால் அத்தனை பேரும் மின்னசோட்டாக்காரர்கள். எலும்பு வெளியே எட்டிப் பார்த்தாலும் "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிற ஜென்மங்கள். அடிபட்டால் நிரப்பவேண்டிய படிவக் கட்டு, எழுத்தர் ஆர்லிஸின் அலமாரியில் பிரிக்காமலே கிடந்தது.

போன ஆகஸ்டில் சாக்கடை மூடியைத் தூக்கும்போது வெர்லினின் வலது தோளில் 'டப்'பென்று ஏதோ அறுந்தது. ஊரின் தெரு, குழாய், பனி எல்லாவற்றையும் பார்க்கிற இரண்டே ஆட்களில் வெர்லின் ஒருவன். அன்று முதல் அவன் காபியை இடது கையால் குடிப்பதை ஆர்லிஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். படிவம் எழுதலாம் என்று ஐந்து முறை சொன்னாள். "பனிக்காலம் முடியட்டும்" என்றான். அடிபட்டதை நகராட்சிக்குச் சொல்லச் சட்டம் கொடுத்த ஆறு மாதக் கெடு வருகிற வெள்ளிக்கிழமையோடு தீர்கிறது. அதற்குப் பிறகு காப்பீடு அவனைத் திரும்பிப் பார்க்காது. கை அப்படியே போய்விடும்.

செவ்வாய்க்கிழமை நகர மன்றம் கூடியது. தொழிலாளர் காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும், வழிகள் இரண்டு. முதலாவதில் யாருக்கு அடிபட்டாலும் முதல் பைசாவிலிருந்து காப்பீடே கொடுக்கும். இரண்டாவதில் பிரீமியம் குறைவு. ஆனால் ஒவ்வொரு காயத்துக்கும் முதலில் நகராட்சி கைக்காசை அழவேண்டும்.

தானியக் கிடங்கு நடத்துகிற மேயர் கேலன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "எட்டு வருஷமா நம்ம ஆளுங்க மேல ஒரு கீறல் இல்ல. ரெண்டாவதையே எடுத்துடுவோம்."

"கீறல் இல்லாம இல்ல மேயர். யாரும் எழுதித் தரலை," என்றாள் ஆர்லிஸ்.

"எழுதாத அடிக்கு எதுக்கும்மா காப்பீடு?"

இரண்டாவது வழி வந்தால் நகராட்சிக்குச் செலவு வைக்கக் கூச்சப்பட்டே இந்த ஆட்கள் செத்தாலும் வாய் திறக்கமாட்டார்கள். ஆர்லிஸ் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், மன்ற உறுப்பினர் கார்லிஸ் டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் மூன்றாம் வகுப்பு நடத்தியவர்.

"ஆளுங்க பின்னாடிதானே உட்கார்ந்திருக்காங்க, அவங்களையே கேட்டுடலாமே. வேலையில அடிபட்டவங்கல்லாம் கை தூக்குங்க பார்ப்போம்."

கடைசி வரிசையில் நகராட்சியின் மொத்தப் படையும் உட்கார்ந்திருந்தது: வெர்லின், அவன் கூட்டாளி ஓடல், ஊருக்கு ஒரே போலீஸான டெல்மர். மூவரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள். ஒரு கையும் எழவில்லை.

"பார்த்தீங்களா," என்றார் மேயர். "ஆர்லிஸ், குறிப்புல எழுதிக்கோ. யாரும் கை தூக்கலை."

அந்த வரியை எழுதினால் நாளைக்கு வெர்லினுக்கு எதிராக அதுவே சாட்சி சொல்லும். ஆர்லிஸ் பேனாவை மேசைமேல் வைத்தாள். இருபது வருட வேலையில் முதல் முறையாக அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"வெர்லின், நீ ஏன் கை தூக்கலை?"

வெர்லினின் காது மடல்கள் சிவந்தன. "தூக்கத்தான் பார்த்தேன்."

"அப்புறம்?"

"வரலை." கை எதுவரை வரும் என்று காட்டினான். பெல்ட்டுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிட்டது. "டீச்சர் கேட்கிறாங்களேன்னுதான் பார்த்தேன். மத்தபடி பரவாயில்ல."

மேயர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இடது கை சும்மாதானேய்யா இருக்கு? அதைத் தூக்கித் தொலைச்சிருக்கலாமே."

"வலது கையைத்தான் தூக்கணும்னு மூணாம் வகுப்புல சொன்னாங்க," என்றான் வெர்லின்.

கார்லிஸ் டீச்சர் கைக்குட்டையைத் தேடினார்.

பிறகு ஓடல் தொண்டையைச் செருமினான். "அப்படீன்னா என் முட்டியையும் சொல்லிடலாமா? அவசரம் ஒண்ணும் இல்ல. நாலு வருஷமாச்சு." டெல்மரை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது, துப்பாக்கிப் பயிற்சியில் அவருக்கு ஒரு காது போயிருந்தது.

"இத்தனை வருஷமா ஏன்யா வாயைத் திறக்கலை?" என்றார் மேயர்.

"நீங்க கேட்கலையே," என்றான் ஓடல். குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான்.

முதல் வழியை கார்லிஸ் முன்மொழிந்தார். "இதையெல்லாம் எழுதினா அடுத்த வருஷம் பிரீமியம் எகிறும்," என்று மேயர் முனகினார். "எகிறட்டும் கேலன், கையைத் தூக்கு," என்றார் டீச்சர். மேயரும் அவரிடம் படித்தவர்தான். தூக்கினார்.

கூட்டம் முடிந்ததும் ஆர்லிஸ் படிவக் கட்டைப் பிரித்தாள். தேதி, இடம், சாக்கடை மூடி எல்லாம் அவளே எழுதினாள். வெர்லின் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். பிறகு கனத்த குளிர்கோட்டை எடுத்துக்கொண்டு கதவருகே போனவன், அங்கேயே நின்றான். ஆகஸ்டிலிருந்து அதை எப்படித்தான் மாட்டினானோ, யார் கண்ணிலும் பட்டதில்லை.

"ஆர்லிஸ்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "இந்தக் கையை மட்டும் கொஞ்சம் உள்ளே விட்டுடுறியா? வலிக்குது."