குளியலறையில் ஐந்து சோப்புகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை நகைச்சுவைக் கதையாகத்தான் ஆரம்பித்தேன். தங்கை வீட்டுக் குளியலறையில் குளியல் சோப்பு, குழந்தை சோப்பு, கைகழுவும் திரவம், ஆஸ்பத்திரி வாடை அடிக்கும் சிவப்புச் சோப்பு, நீலத் துணி சோப்பு என்று வரிசையாக உட்கார்ந்திருந்தன. அடேயப்பா, கடையே போட்டுவிடலாம் என்று சிரித்துக்கொண்டே முதல் வரியை எழுதினேன்:

‘ஓர் ஊரில் ஒரு சோப்புப் பைத்தியம் இருந்தாள்.’

(அடித்துவிட்டேன். கூடப் பிறந்தவளைப் போய் அப்படி எழுதுவேனா? எழுதினேனே. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.)

2

மறுபடி. குறைமாதத்தில் பிறந்த அவள் பிள்ளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். தொடப் போகும்போதெல்லாம் நர்ஸ், “கையக் கழுவிட்டு வாங்கம்மா” என்பார். கழுவினாள். பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். இனி பயமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். இவள் மட்டும் இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறாள். ஒரு சோப்பு போதவில்லை என்று அடுத்தது, அதுவும் போதவில்லை என்று அதற்கடுத்தது. வீட்டுக்கு வந்தபின் அவனை ஒரு முறைகூட அவள் தூக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் வேலைக்குப் போனால், பால் புகட்டுவது முதல் தூங்க வைப்பது வரை பெரியம்மா நான்தான்.

3

துணி சோப்பால் யாராவது கை தேய்ப்பார்களா? நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் கேட்டேன்.

“ஏண்டி, உனக்கென்ன கிறுக்கா? அது துணிக்குப் போடறது.”

“துணியில இருக்கற அழுக்கே போகுதேக்கா. கையில இருக்கறது போகாதா?”

“கையில என்னடி இருக்கு?”

காட்டினாள். தோல் வெடித்து விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது.

“இப்ப இந்தச் சொரசொரப்பு வேற. அவன் கன்னத்துல கீறிடும்.”

அந்தக் கைகள் எப்படி இருந்தன என்றால்

(வேண்டாம். உவமை தேடுகிற நேரமா இது?)

4

முடிவுகளை யோசித்தேன்.

அ) அக்கா எல்லாச் சோப்பையும் குப்பையில் வீசுகிறாள். (வீசினேன். சாயங்காலமே புதிது வந்துவிட்டது.)

ஆ) மனநல மருத்துவர் பேசுகிறார், நாலு வரியில் குணமாகிறாள். (மருத்துவரிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். நாலு வரியில் ஆகிற காரியமா?)

இ) அவளே ஒருநாள்

5

‘இ’யை முடிக்க விடாமல் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டான். நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். காலையில் அவளே சொன்னாள்:

“இன்னிக்கு அவன் அழுதா நீ வராதக்கா. நீ தூக்கிட்டா நான் தூக்கவே மாட்டேன்.”

சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். சும்மா இருந்தால் என் கை அவனைத் தூக்கிவிடும். அதற்காகத்தான் பாதியில் கிடந்த இந்தக் கதையை மறுபடி எடுத்தேன். இலக்கியமாவது மண்ணாவது!

குழாய் ஓடுகிறது. அழுகை ஏறுகிறது. அடிப்பாவி, போதும்டி, வெளிய வாடி. பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்து

குழாய் நின்றுவிட்டது. கதவு திறக்கிறது. ஈரக் காலடிச் சத்தம் தொட்டில்வரை போகிறது. நிற்கிறது. அவன் இன்னும் அழுகிறான்.

இதற்குமேல் எனக்குத் தெரியாது. நடுவில் சுவர் இருக்கிறது, சத்தியமும் இருக்கிறது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், அவளைத் திரும்பவும் குழாயடிக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.