முனையைத் தாண்டுகிற நேரம்

எனக்கு நாற்பத்து நாலு வயது. மருந்துக் கடையில் பதினெட்டு வருஷமாக வேலை. டாக்டர் கிறுக்கிக் கொடுத்த சீட்டில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்து, போன் போட்டு அவரையே ஒரு பிடி பிடித்துவிடுவேன். அப்பேர்ப்பட்ட என்னை வீட்டில் கூப்பிடுவது 'பாப்பா' என்று. அண்ணன் ஆரம்பித்தான், அண்ணியும் பிடித்துக்கொண்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதும் அண்ணன் கட்டிவிட்ட கதைதான். அதில் பாதிக்கு மேல் பொய் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட நாலு பெண்கள் அவளிடம் வந்து சேர்ந்தபோது, தலை வாரக்கூடக் கை தூக்க முடியாமல் இருந்தார்கள். அண்ணி அவர்கள் கையில் ஆளுக்கொரு துடுப்பைக் கொடுத்து, முதலில் நீச்சல் குளத்தில், பிறகு ஏரியில், கயாக் என்கிற ஒடுக்கமான ஒற்றையாள் படகில் உட்கார வைத்துப் பழக்கினாள். ஒரு வருஷத்தில் நாலு பேரும் ஏரியைக் குறுக்கும் நெடுக்குமாக உழுதுவிட்டார்கள். அவர்களில் மூத்தவருக்கு நோய் திரும்ப வந்துவிட்டது. "ஏரி போதும்மா. உப்புத் தண்ணியில ஒரு நாள் கூட்டிட்டுப் போயிடு" என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

கூட்டிப் போக அண்ணிக்கு அனுமதி இல்லை. கடலில் ஆட்களை அழைத்துச் செல்பவர் தலைவர் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்பது எங்கள் கயாக் கிளப்பின் சட்டம். தேர்வு வருஷத்துக்கு ஒரு முறைதான். போன வருஷம் அண்ணி எழுதித் தள்ளினாள், துடுப்பும் நன்றாகப் போட்டாள். ஆனாலும் தேறவில்லை. காரணம் என்ற கட்டத்தில் 'குரல் கேட்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். இந்த முறையும் போனால் அடுத்த வருஷம். மூத்தவருக்கு அடுத்த வருஷம் என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

தேர்வில் அண்ணி ஒரு ஆளை அழைத்துக்கொண்டு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுற்றிப் போய், அந்தப் பக்கத்துக் கடற்கரையில் அலைக்குள் இறங்கி, பத்திரமாகத் திரும்ப வேண்டும். அந்த ஒரு ஆள் நான். அண்ணனுக்கு வாளித் தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும், அதனால் ஆறு வருஷமாக அண்ணிக்குக் கடல் துணை நான்தான். தேர்வாளர் துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளப்பில் எல்லோரும் கேப்டன் என்போம். அவர் தனிக் கயாக்கில் பின்னால் வருவார், பேச மாட்டார், உயிர் போகிற நிலை வந்தாலொழியத் தலையிட மாட்டார்.

முனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தில் தண்ணீர் ஆறு மாதிரி ஓடும். எதிரே அலை வந்தால் இரண்டும் முட்டிக்கொண்டு எழும்பும், அதற்குள் போய்ச் சிக்கக் கூடாது. நீரோட்டம் ஓய்ந்து திரும்புகிற அரை மணி நேரத்தில் தாண்டிவிட வேண்டும். அந்த நேரம் கடல் ஏற்ற இறக்க அட்டவணையில் இருக்கிறது, ஆனால் துறைமுகத்துக்குத்தான். முனையில் தண்ணீர் ஐம்பது நிமிடம் கழித்தே ஓயும். ஆகவே அட்டவணை நேரத்தோடு ஐம்பதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கிளப்பில் சேர்ந்த முதல் வாரமே சொல்லித் தருகிற விஷயம்.

முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் அண்ணி அட்டவணையை விரித்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன். "குடுங்க அண்ணி, நீங்க விரல் விட்டு எண்றதுக்குள்ள விடிஞ்சிடும்." அட்டவணையில் பத்து பத்து. நான் ஒரே மூச்சில் ஒன்பது இருபது என்று எழுதி நீட்டினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். "என்ன, என் கணக்குல சந்தேகமா?" என்றேன். "சேச்சே" என்றாள். காலையில் கயாக்கின் மேல்தட்டில் மெழுகுப் பென்சிலால் '9:20 முனை' என்று பெரிதாக எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது கடல் நல்ல பிள்ளையாக இருந்தது. தண்ணீர் எங்களைப் பின்னாலிருந்து தள்ளியது, துடுப்புப் போடாமலே போய்க்கொண்டிருந்தோம். "பாத்தீங்களா, எப்படி ஈஸியா போகுது" என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். ஓய வேண்டிய தண்ணீர் இவ்வளவு வேகமாக ஏன் போகிறது என்று யோசிக்க வேண்டிய தலையில் அன்றைக்குக் கர்வம்தான் இருந்தது.

முனைக்கு முன்னால் ஒரு மஞ்சள் மிதவை உண்டு. அதைத் தாண்டினால் திரும்புவது கஷ்டம். அண்ணி அங்கே துடுப்பை நிறுத்தினாள். மிதவை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, அதன் பின்னால் தண்ணீர் வால் முளைத்தது போல் நுரைத்து ஓடியது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பாப்பா, அந்த மிதவை..."

"என்ன?"

நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதை எந்தக் குரலில் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அண்ணி. போனோம்.

முனை திரும்பியதும் தண்ணீர் சுவர் சுவராக நின்றது. கயாக்கின் மூக்கு வானத்துக்குப் போய் அடுத்த பள்ளத்தில் பொத்தென்று விழுந்தது. மூன்றாவது அலை பக்கவாட்டில் வந்தது. நான் சாய்ந்தேன், நிமிரப் பார்த்தேன், உலகம் தலைகீழாயிற்று. காதுக்குள் ஒரே இரைச்சல். துடுப்பால் உருண்டு எழ இரண்டு முறை முயன்றேன், நடக்கவில்லை. இடுப்பைச் சுற்றிக் கயாக்கை மூடியிருந்த ரப்பர் பாவாடையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். மரியாதைக்காகப் பொய் சொல்ல மாட்டேன், "அண்ணீ" என்று குழந்தை மாதிரிக் கத்தினேன்.

"படகை விடாத! துடுப்பையும் விடாத! என்னை மட்டும் பாரு!"

அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. அண்ணி அலை மேல் ஏறி வந்தாள். என் கயாக்கின் மூக்கைத் தன் மடிமேல் இழுத்துக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள், நிமிர்த்தி ஓரத்தோடு ஓரம் அணைத்துப் பிடித்தாள். "கால உள்ள போடு. படு. திரும்பு. உட்காரு." சொன்னபடி செய்தேன். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட இருக்காது. அதற்குள் தண்ணீர் எங்களை முனைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது.

அடுத்தது கரையலை. அண்ணி முன்னால் போய் இறங்கி, கரையில் நின்று துடுப்பைப் படுக்கையாகப் பிடித்தாள், பொறு என்று அர்த்தம். பெரிய அலைகள் மூன்று போன பிறகு நிமிர்த்திப் பிடித்தாள். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துடுப்புப் போட்டு மணலில் போய் ஏறினேன். பின்னாலேயே கேப்டனும் வந்தார். அவர் தொப்பிகூட நனையவில்லை.

அவர் அண்ணியின் கயாக் பக்கம் போய்க் குனிந்து மேல்தட்டைப் படித்தார். "ஒம்போது இருபது. யார் போட்ட கணக்கு?"

"நான்தான் சார்" என்றாள் அண்ணி.

எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் தலைக்குள் பத்து பத்தும் ஐம்பதும் வந்து நின்றன. பதினொன்று. கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கிறேன். புள்ளி இடம் மாறினால் டாக்டரைக் கூப்பிட்டுத் திட்டுகிற நான்!

"இல்ல சார், நான் போட்டது. கழிச்சுத் தொலைச்சிட்டேன். அவங்க மேல தப்பில்ல."

"யார் போட்டாலும் தலைவர் பொறுப்பு" என்றார் கேப்டன். "அது கிடக்கட்டும். கணக்கு எல்லாருக்கும் தப்பும், எனக்கே தப்பியிருக்கு. மிதவை படுத்துக் கிடந்துச்சே, அதப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"தண்ணி ஓயலன்னு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் திரும்பல?"

எனக்குப் பொறுக்கவில்லை. "தெரிஞ்சே போனீங்களா? வாயில என்ன வெச்சிருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?" என்று பாய்ந்தேன்.

அண்ணியின் தோள் இரண்டும் மெல்ல மேலே ஏறிக் காதுப் பக்கம் போயின, தலை தாழ்ந்தது. இப்போதுதான் அலைச் சுவர் மேல் ஏறி வந்து என்னைத் தூக்கிய தோள்கள். அந்தக் குறுகலை நான் தினமும் பார்த்திருக்கிறேன், அடுப்பங்கரையில், மாடிப்படியில், அண்ணனோடு டிவி பார்க்கும்போது. அதுதான் அவள் சுபாவம் என்று நினைத்திருந்தேன். என்னைப் பார்த்தால்தான் அவள் அப்படிக் குறுகுகிறாள் என்று தெரியாமல் போயிற்று. தெரியாமல் என்ன, தெரிந்துகொள்ள எனக்கு என்ன அவசரம்.

"சொன்னா நீ ஒரு மாசம் பேச மாட்ட, பாப்பா" என்றாள் தரையைப் பார்த்தபடி. "கேப்டன் முன்னாடி வேற. திரைச்சீலை நீளம் தப்புன்னு சொன்னதுக்குப் பதினெட்டு நாள் பேசல நீ. உங்கண்ணன் உனக்கும் எனக்கும் நடுவுல தட்டைத் தூக்கிட்டு அலைஞ்சாரு. சரி, சமாளிச்சிடலாம்னு நினைச்சேன்."

கேப்டன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார், பாவம், பெரிய மனுஷர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் வாய்க்குப் பயந்து ஒருத்தி என்னையும் தன்னையும் அந்தத் தண்ணீருக்குள் கொண்டுபோயிருக்கிறாள். என்னைவிட அது அவளுக்குக் குறைந்த ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது. அழுதேன். உப்புத் தண்ணீரில் ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

"சார், அவங்கள ஃபெயில் பண்ணாதீங்க. எல்லாம் எனக்குப் பயந்து" என்றேன்.

"பயந்து பேசாம இருக்கிறவங்களத்தாம்மா நான் ஃபெயில் பண்ணணும்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "ஆனா இன்னும் திரும்பிப் போகணும்ல. நாள் முடியல."

பிளாஸ்கில் இருந்த டீயை மூன்று பேரும் குடித்தோம். நான் மணலில் குச்சியால் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பதினொன்று, சந்தேகமே இல்லை. பதினொன்றானதும் எழுந்தேன், வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

"கிளம்பலாம் அண்ணி. மணியாச்சு."

அண்ணி முனைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல. வெள்ளை நுரை இன்னும் அடங்கல."

"இந்த வாட்டி கணக்கு சரி அண்ணி. சத்தியமா. அட்டவணைப்படி..."

"அட்டவணை சரியாத்தான் இருக்கும். நேத்து அடிச்ச காத்துல தண்ணி இன்னும் தள்ளிக்கிட்டு இருக்கு." திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். தோள்கள் கீழேதான் இருந்தன, குரல்தான் கொஞ்சம் நடுங்கியது. "உட்காரு பாப்பா."

வாய் தானாகத் திறந்தது. உள்ளே நாலைந்து வார்த்தைகள் தயாராக வரிசையில் நின்றன, அவற்றை எனக்கு நன்றாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவு சிரமப்பட்டு நான் எந்தக் கயாக்கையும் தூக்கியதில்லை.

இருபத்தைந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு அண்ணி "இப்ப" என்றாள். அலையைப் பார்த்து என்னை முதலில் தள்ளிவிட்டாள். முனையில் தண்ணீர் தூங்குகிற நாய் மாதிரி கிடந்தது, நாங்கள் அதன் பக்கத்திலேயே சத்தமில்லாமல் கடந்து வந்தோம்.

கரை சேர்ந்ததும் கேப்டன் கயாக்கின் மேல் தாளை வைத்து நிதானமாக எழுதினார். "காலையில தேறல. மத்தியானம் தேறிட்டீங்க. எனக்கு ஒரு கட்டம்தான் இருக்கு, அதனால மத்தியானத்த எழுதறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். அவள் கல்யாணமாகி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கட்டிக்கொண்டதில்லை.

உடை மாற்றும் அறையில் பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி போன் பேசிக்கொண்டிருந்தாள். மூத்தவரிடம்தான்.

"கிடைச்சிடுச்சும்மா... ஆமா, வர்ற ஞாயித்துக்கிழமையே போலாம்... நாலு பேரும் வந்துடுங்க... என் நாத்தனாரா? அவளும் வருவா."

அந்தப் பக்கம் மூத்தவர் என்ன கேட்டாரோ. ஆஸ்பத்திரி வரைக்கும் என் புகழ் போயிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அண்ணி சிரித்தாள். நான் கேட்கிறேன் என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"கத்துவாதான். கத்தட்டும்மா. நான் பாத்துக்கறேன்."