துவக்கு வராத வீடு

மாப்பிள்ளை விசாரிப்பதில் பாலசிங்கத்தை வெல்ல சுவிஸில் ஆளில்லை. சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸ தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே வந்தவரிடம் ஏழு தலைமுறைக் கதையையும் கறந்துவிடுவார். தங்கை சிவகலாவின் மகள் தக்ஷிகாவுக்கு எம்மன்புரூக்கே ஊர்ப் பொடியன் ஜதுஷனைப் பேசி வந்தபோது, ஊர், உறவு, வேலை எல்லாவற்றையும் ஒரு கிழமைக்குள் விசாரித்து முடித்தார். பொடியனின் தகப்பன் குலேந்திரன் கோயில் நிர்வாகசபையில் இருக்கிறார், தங்கமான மனுசன் என்று எல்லாரும் சொன்னார்கள். தக்ஷிகாவுக்கும் அவனை நன்றாகப் பிடித்துப்போயிற்று.

பிறகுதான் அந்தத் துவக்குக் கதை, அதாவது துப்பாக்கிக் கதை, வந்து சேர்ந்தது.

அது 2019. துவக்கு வாங்குகிறவர்களுக்கு இன்னும் இறுக்கமான சட்டம் வேண்டுமா என்று நாடே வாக்குப்போடவிருந்த நேரம். கடைக்கு வருகிறவர்களுக்கும் அதே பேச்சுத்தான். சுவிஸில் கட்டாய ராணுவப் பயிற்சி முடிக்கிற பொடியன்கள் துவக்கை வீட்டிலேயே வைத்திருப்பது வழக்கம். அந்தப் பேச்சோடு பேச்சாக, ஜதுஷன் ஆமிப் பயிற்சி முடித்தும் துவக்கை வீட்டுக்குக் கொண்டு வரவில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பாலசிங்கத்துக்கு அது போதாதா! உடனே தங்கைக்கு ஃபோன் போட்டார்.

"தங்கச்சி, மற்றப் பொடியள் கொண்டு வாறாங்கள், இவன் ஏன் கொண்டு வரேல்லை? துவக்குக் குடுக்க முந்தி ஆமிக்காரன் ஆளை விசாரிப்பான். இவன் அதில விழுந்திட்டான். பொலிஸில ஏதோ இருக்கு. ஞாயிற்றுக்கிழமை அவையளிட்ட இந்தச் சம்பந்தம் வேண்டாம் எண்டு சொல்லப்போறன்."

தக்ஷிகா அழுதாள். பிறகு கோபம் வந்துவிட்டது.

"ஊர் முழுக்கக் கேக்கிறியள் அம்மா. அவரிட்ட மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை!"

மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடமே கேட்பதா? நம்மவர்களிடம் அப்படியொரு வழக்கமே இல்லை. ஆனால் சிவகலா விடுப்பு விசாரிப்பதில் அண்ணனுக்குச் சளைத்தவள் அல்ல. ஒரு விஷயத்தை அறியாவிட்டால் அவளுக்கு மண்டை வெடித்துவிடும். துவக்குக் கொடுக்க அப்படி என்னதான் கேட்பார்கள்? சனிக்கிழமை காலை ஜதுஷனுக்கு ஃபோன் போட்டுவிட்டு ரயிலேறிவிட்டாள்.

எம்மன்புரூக்கே ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஜதுஷன் கோப்பி வாங்கிக் கொடுத்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, துவக்குத் தாறதுக்கு முந்தி என்னத்தைப் பார்ப்பாங்கள்?"

அவன் சிரித்துவிட்டான். "குற்றம் ஏதும் செய்தனானோ, என்னால ஆருக்கும் ஆபத்து வருமோ எண்டு பார்ப்பாங்கள் அன்ரி."

"நீங்கள் அதில விழுந்திட்டியளோ?"

"ஐயோ இல்லை! எனக்கும் துவக்குத் தந்தவங்கள். நான்தான் ஆமிக் களஞ்சியத்திலேயே விட்டிட்டு வந்தனான். அப்பிடி விடலாம், ஏனெண்டு கேக்க மாட்டினம்."

"நான் கேக்கிறன். ஏன்?"

அவன் சீனிப் பக்கற்றைக் கையில் வைத்து உருட்டினான். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"அவங்கள் என்னைத்தான் விசாரிச்சவங்கள் அன்ரி. வீட்டில வேற ஆர் இருக்கினம் எண்டு கேக்கேல்லை. அப்பா குடிச்சால் அம்மாவுக்கு அடிப்பார். கையில அம்பிடுறதை எடுத்து எறிவார்."

ஊரார் சொன்னது சிவகலாவுக்கு நினைவு வந்தது. தங்கமான மனுசனாம்!

"இதை அண்ணையிட்டச் சொன்னால் சம்பந்தம் குழம்பிப்போம், தெரியுமோ தம்பி?"

"தெரியும். நீங்கள் கேட்டனீங்கள், பொய் சொல்ல மனம் வரேல்லை."

அவள் அவன் முன்னாலேயே அண்ணனுக்கு ஃபோன் எடுத்தாள்.

"அண்ணை, பொடியன் விசாரணையில விழேல்லை. துவக்கைத் தானாத்தான் விட்டிட்டு வந்தவன். கலியாணத்துக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ."

"ஏனாம் விட்டவன்?"

"அதை விடுங்கோ. தகப்பனைப் பற்றி ஆரிட்ட விசாரிச்சனீங்கள்?"

"நிர்வாகசபையில எல்லாரிட்டையும்தான். ஏன்?"

"அந்தாளின்ர மனுசியிட்டக் கேட்டனீங்களோ?"

ஊரையே கேட்ட பாலசிங்கத்துக்கு அந்தப் பெண்ணின் பெயர்கூடச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

சிவகலா ஃபோனை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள். சூரிச் போகும் ரயில் வந்து நின்றது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"தம்பி, அம்மா இப்ப வீட்டில தனியவோ?"

"ஓம் அன்ரி."

"அப்ப வாங்கோ, போவம். அவவிட்டையும் ஒருத்தர் கேக்கவேணும்."